ஓரத்தில் அச்சான நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

ஒரு கல்வி அமைச்சரைப் பதவியிலிருந்து இறக்கிய ஆள் நான். எதிர்க்கட்சிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியும் முடியாத காரியத்தை, பாடநூல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கால் ஆடுகிற ஒரு மேசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் செய்து முடித்தேன். வாய் திறக்காததுதான் விஷயமே. திறந்திருந்தால் அவர் இன்றைக்கும் அமைச்சராக இருந்திருப்பார்.

எனக்கு வேலை மெய்ப்புப் பார்ப்பது. பாடப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதன் தாள்களை வரிவரியாகப் படித்து, விட்டுப்போன புள்ளியை வைத்து, கூடிப்போன துணைக்காலை எடுத்து அனுப்புவேன். இருபத்தாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதையே செய்கிறேன். பலகையில் எழுதியிருக்கிற பதவிப் பெயர் யாருக்கும் வாயில் நுழைவதில்லை. எல்லோருக்கும் நான் ‘புரூஃப் அம்மா’. என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் ஒரு நாள் தவறு செய்தால் நாற்பது பேருக்கு அடிபடும், நான் தவறு செய்தால் நாட்டில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் அடிபடும் என்று சொல்லிச் சொல்லியே என்னை முதல் பத்து வருடம் தூங்கவிடாமல் செய்தவர்.

பிற்பாடு அமைச்சரான அந்தப் பேராசிரியர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது அவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அறிவியல் பாடநூல் குழுவில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். மற்ற உறுப்பினர்கள் திருத்திய தாள்களை உறையில் போட்டு ஆள்மூலம் அனுப்புவார்கள். இவர் மட்டும் தானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க என் எதிரில் வந்து உட்காருவார். ஒல்லியான மனிதர். சட்டை எப்போதும் ஒரு அளவு பெரியதாக இருக்கும். கையெழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி. அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான், அதனால்தான் அவர் என்னிடம் வந்தார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் புத்தகம் எப்படிப் புத்தகமாகிறது என்று பார்க்கிற ஆசை. பெரிய படிப்புப் படித்தவர் ஒருவர் என் மேசையில் கன்னத்தில் கை வைத்து, ஒரு வரியை ஏன் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன் என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்துப்போயிற்று.

முதல் புத்தகத்திலேயே ஒரு கூத்து நடந்தது. வேர்களைப் பற்றிய பாடத்தில், ஓரத்தில், ‘இதை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு முறையாவது வேரைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாரா?’ என்று மையால் எழுதியிருந்தார். தட்டச்சு செய்கிறவர் பயபக்தியோடு அதையும் பாடத்தின் கடைசி வரியாக அடித்து வைத்துவிட்டார். இரண்டாம் மெய்ப்பில் என் கண்ணில் பட்டதால் மானம் தப்பியது. அடுத்த முறை அவர் வந்தபோது, பேராசிரியர் என்றும் பார்க்காமல் கண்டிப்பாகவே பேசினேன்.

“சார், புத்தகத்துக்குள்ள போக வேண்டியத மட்டும் மையில எழுதுங்க. சந்தேகம், கேள்வி, எழுதினவங்க மேல இருக்கற கோபம், அதெல்லாம் பென்சில்ல. மையில என்ன இருந்தாலும் நான் உள்ள சேத்துடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அவர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் மூன்று பென்சில்கள் குடியேறின. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த ஒப்பந்தத்தை மீறியதில்லை. எங்கள் அறையில் அவர் பெயரே ‘பென்சில் சார்’ என்று ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியும். தொலைபேசியில் கூப்பிடும்போது அவரே, ‘நான்தான், பென்சில்’ என்பார்.

அவருடைய பென்சில் குறிப்புகளைப் படிக்க வேண்டும். ‘நீர் நூறு டிகிரியில் கொதிக்கும்’ என்று ஒரு வரி இருந்தால், பக்கத்தில் ‘மலை உச்சியிலுமா?’ என்று இருக்கும். ‘செடிகள் வெயிலில் உணவு தயாரிக்கின்றன’ என்று இருந்தால், ‘நிழலில் வளர்கிற செடி பட்டினியா?’ என்று இருக்கும். எழுதிய ஆசிரியர் பதில் தேடிக்கொண்டு போய் வரியை மாற்றி எழுதுவார், நான் பென்சிலை அழித்துவிடுவேன். அழிக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வருத்தம் இருக்கும். புத்தகத்தில் உள்ள வரியைவிட அழிக்கிற வரி நன்றாக இருக்கிறதே என்று.

அவர் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மனைவி பல் டாக்டர். வீட்டின் முன் அறைதான் மருத்துவமனை. வாசலில் நுழைந்தால் ஒரு நீள பெஞ்சில் கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைத் தாண்டித்தான் பேராசிரியரின் அறைக்குப் போக முடியும். அந்த அம்மாவுக்கு வாயில் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாது, பல்லுக்கும் ஆகாது. கணவரைப் பிரதமர் கூப்பிட்டு, ‘கல்வித் துறையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன அன்றைக்கு, அமைச்சர் பங்களாவுக்கு மாற முடியாது, தன் நோயாளிகள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் நாட்டின் கல்வி அமைச்சரைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் பல் பிடுங்கக் காத்திருப்பவர்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்து யாராவது அலறினால் கோரிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவரை ஏன் அமைச்சராக்கினார்கள் என்று கேட்டால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் அறிவியல், சமூகம், சுகாதாரம் என்று மூன்று புத்தகங்கள், எழுபத்தொரு பாடங்கள். பதினொரு வயதுப் பிள்ளை இதை மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டிவிட்டு, மறுநாள் கையைக் கழுவிக்கொள்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். அப்போது புதிதாக வந்த அரசுக்கு, கட்சி அடையாளம் இல்லாத ஒரு படித்த முகம் தேவைப்பட்டது. பேசியவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அவர் மூன்று புத்தகங்களையும் ஒன்றாக்கி, இருபத்து நான்கு பாடங்களாகக் குறைக்கச் சொன்னார். உடனே பிடித்துக்கொண்டது தீ. பாட வேளை குறைந்துவிடும் என்று ஆசிரியர் சங்கம் கொடி பிடித்தது. விடைக் கையேடு அச்சடிக்கிறவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். எழுபத்தொரு பாடத்தையும் படித்து ஆளானோமே, எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று தொலைக்காட்சியில் அப்பாமார்கள் கேட்டார்கள். அதைக் கேட்ட விதத்திலேயே என்ன குறைந்துபோயிற்று என்று தெரிந்தது, ஆனால் நான் அரசு ஊழியர், கருத்துச் சொல்லக் கூடாது. பல் டாக்டரிடம் வந்தவர்கள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அவர் கணவரைத் திட்டினார்களாம். பஞ்சை எடுக்கும்வரை என்ன சொல்கிறார்கள் என்றே புரியாது, எடுத்த பிறகு வலியில் மறந்துவிடுவார்கள் என்று அந்த அம்மா பிற்பாடு சொன்னார்.

அமைச்சரான பிறகு அவர் எங்கள் மாடி ஏறவில்லை. நேரம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு, அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு, படிக்கட்டுப் பக்கம் என் காது போகும்.

புதிய புத்தகத்தின் முதல் மெய்ப்பு அவர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. பிரித்தேன். அதே கோழிக் கிளறல். ஓரம் முழுக்க அவருடைய கேள்விகள். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. ஒன்று விடாமல் எல்லாமே மையில்.

முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. ‘கடல் நீல நிறமானது’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘அள்ளிப் பார்த்தால்?’ என்று மையில். பழைய ‘நிழலில் வளர்கிற செடி பட்டினியா?’கூட மையில். ‘ஆசிரியர் சொல்வதை மாணவர்கள் கேட்டு நடக்க வேண்டும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘எப்போதுமா?’ என்று மையில். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் சீர்திருத்தம். பாடத்தைக் குறைத்துவிட்டு, காலியான இடத்தில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கப்போகிறார். இத்தனை வருடம் நான் அழித்துக்கொண்டிருந்ததை இப்போது அவர் உள்ளே வைக்கச் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. ‘அரசு மக்களின் நலனுக்காகவே இயங்குகிறது’ என்று பாடத்தில் இருந்தது. பக்கத்தில், மையில், ‘ஆதாரம் எங்கே?’

இதையுமா பிள்ளைகளிடம் கேட்பார்? இது குழுவிடம் கேட்கிற கேள்வி இல்லையா? தொலைபேசியை எடுத்தேன். பழைய நாளாக இருந்தால் வீட்டு எண்ணைச் சுழற்றி, ‘சார், எண்பத்து மூணு?’ என்று கேட்டிருப்பேன், ‘ஐயோ, அது வேணாம்’ என்று அவரும் சொல்லியிருப்பார். இப்போது அமைச்சரிடம் பேச வேண்டுமென்றால், முதலில் இணைப்புக் கொடுக்கிறவர், பிறகு உதவியாளர், பிறகு நேர்முகச் செயலாளர். ஒவ்வொருவரும் ‘என்ன விஷயமாகப் பேச வேண்டும்’ என்று கேட்பார்கள். அமைச்சர் தன் கையால் மையில் எழுதியது புரியவில்லை என்று ஒரு மெய்ப்புப் பார்க்கிறவள் மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். மையில் இருந்தால் சேர்ப்பேன் என்பது நானே போட்ட சட்டம்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சேர்த்தேன். ஏனோதானோ என்று இல்லை, ஆசையாகச் சேர்த்தேன். வலது ஓரத்தில், சின்ன எழுத்தில், லேசாகச் சாய்த்து, ஒவ்வொரு கேள்வியும் அதற்குரிய வரிக்கு நேராக வரும்படி மூன்று நாள் உட்கார்ந்து அமைக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான பக்கங்கள் அவை. கடைசி மெய்ப்பு அமைச்சரிடம் போய், நான்கு நாளில் ‘அச்சிடலாம்’ என்ற கையெழுத்தோடு திரும்பி வந்தது. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள், ஓர் அப்பா தொலைக்காட்சியில் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்தது. ஒரு பள்ளியில் ஆசிரியர் ‘எல்லாரும் உக்காருங்க’ என்றதும் வகுப்பே சேர்ந்து ‘எப்போதுமா சார்?’ என்று கேட்டிருக்கிறது. ஆசிரியர் சங்கம் தெருவுக்கு வந்தது. எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துத் தட்டியில் ஒட்டி, எதிர்க்கட்சி ஊர்வலம் போனது. அரசின் புத்தகமே அரசிடம் ஆதாரம் கேட்கிறது என்று சிரித்தார்கள். பிள்ளைகள் நிழலில் இருக்கிற செடியைப் போய்ப் பார்த்தார்கள், வாளியில் கடல் நீரை அள்ளிப் பார்த்தார்கள் என்று சில ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். அதை யார் தட்டியில் ஒட்டுவார்கள்?

அந்த வாரக் கடைசியில் நேர்முகச் செயலாளர் என் மேசைக்கு வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இருக்காது. அமைச்சர் அந்தக் கேள்விகளைப் பாடநூல் குழுவுக்காக எழுதினார், புத்தகத்துக்காக இல்லை என்றார். அப்படியானால் ஏன் மையில் எழுதினார் என்று கேட்டேன். அமைச்சர் மேசையில் பென்சில் வைக்கக் கூடாது, யாராவது அழித்துவிட்டு வேறு எழுதினால் யார் பொறுப்பு, அதனால் பதவியேற்ற அன்றே அவர் பையில் இருந்த பென்சில்களை வாங்கி உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றார். ரொம்பப் பெருமையாகவே சொன்னார். அந்த மனிதரை அப்படியே ஜன்னல் வழியாக அனுப்பினால் என்ன என்று தோன்றியது.

அவர் ஒரு கடிதத்தின் வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். என்னுடைய கவனக்குறைவால், அமைச்சருக்குத் தெரியாமல், ஓரக் குறிப்புகள் அச்சில் சேர்ந்துவிட்டன என்று நான் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை நாடாளுமன்றத்தில் அமைச்சர் அதைப் படிப்பார். என்னை வேலையிலிருந்து நீக்குவார்கள். புத்தகத்தைத் திருத்தி அச்சடிப்பார்கள், அமைச்சரும் நிலைப்பார், சீர்திருத்தமும் நிலைக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் அமைச்சர் போவார். இரண்டு நாற்காலியில் ஒன்று காலியாக வேண்டும், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

“மையில எழுதினா சேப்பேன்னு சொன்ன. மையில எழுதினாரு. சேத்த. இதுல உன் தப்பு எங்க இருக்கு?”

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை நேர்முகச் செயலாளரிடம் அனுப்பிவிட்டேன். தியாகம் எல்லாம் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும், அவர் அந்த நாற்காலியில் இன்னும் நான்கு வருடம் இருந்தால் என்னென்ன செய்வார் என்றும் எனக்குத் தெரியும். என் மேசைக்கு வேறு ஒரு ஜோடிக் கண் கிடைக்கும்.

திங்கட்கிழமை காலை இயக்குநர் அறையில் இருந்த தொலைக்காட்சி முன் மொத்த அலுவலகமும் கூடி நின்றது. எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் அவ்வளவு மரியாதை நடக்கும். அமைச்சர் எழுந்தார். அந்தச் சட்டை இப்போது இரண்டு அளவு பெரியதாகத் தெரிந்தது. கையில் என் கடிதம். அவையில் கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார்.

“இந்தக் கடிதத்தை எழுதினவங்க பன்னிரண்டு வருஷமா என் புத்தகங்கள்ல பிழை பார்த்தவங்க. அவங்க கையெழுத்துப் போட்ட ஒண்ணுல நான் பிழையைப் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. அந்தக் கேள்விகளை எழுதினது நான். மையில எழுதினது நான். கடைசித் தாளை ஒவ்வொரு பக்கமாப் பார்த்து, அச்சிடலாம்னு கையெழுத்துப் போட்டதும் நான். அவங்க வேலையை அவங்க சரியாத்தான் செஞ்சாங்க.”

அப்படியானால் அது தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா என்று எதிர் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். குழுவுக்காக எழுதியது அச்சில் வந்துவிட்டது, அதற்கு முழுப் பொறுப்பு தன்னுடையது, வந்த கேள்விகள் தப்பான கேள்விகள் என்று சொல்ல மட்டும் தனக்கு மனம் வரவில்லை என்றார். பிறகு என் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் எல்லோர் எதிரிலும் அழுதேன். இயக்குநர் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு தேநீரும், இன்னொரு தேநீரும் வரவழைத்துக் கொடுத்தார்.

மாலையில் பிரதமர் அவருடைய ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். பதினான்கு மாதம் அமைச்சராக இருந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முதல் நாள்தான் புதிய அமைச்சரின் உத்தரவு என் மேசைக்கு வந்திருந்தது. அடுத்த பதிப்பில் ஓரக் கேள்விகள் எதுவும் இருக்கக் கூடாது. நூற்றுப் பன்னிரண்டையும் நானே கோடு போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும்.

பெஞ்சில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கையுறையோடு எட்டிப் பார்த்தார்.

“வாங்க. பல்லா, அவரா?”

அவர் என்றேன். பின் அறையில் இருக்கிறார், கூப்பிட்டால் காதில் விழாது, தட்டிவிட்டுப் போங்கள் என்றார். பேராசிரியர் ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கினார். உடம்பு தேறியிருந்தது. கல்லூரியில் திரும்பவும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார், அந்த எழுபத்தொரு பாடத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதனால் தண்டனை முடிந்தபாடில்லை என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் சந்தேகம் வந்தது, தொலைபேசியை எடுத்தேன், அமைச்சரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு வைத்துவிட்டேன், நாடாளுமன்றத்தில் நான் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று நீங்கள் சொன்னது உண்மை இல்லை. அவர் கோபப்படுவார் என்று பயமில்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாரோ என்றுதான் பயம்.

அவர் முகம் சிவந்தது. பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

“நானும் பாத்தேம்மா. கடைசித் தாள்ல. பிரிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, கேள்வியெல்லாம் அச்சுல இருக்கு. நான் கேட்டது குழுவை. ஆனா அவ்வளவு அழகா, வரிக்கு நேரா வெச்சிருந்தீங்க. சரி, இவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க, இவங்களே வெச்சா அதுல ஏதோ அர்த்தம் இருக்கும்னு நினைச்சேன். உங்களைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னு ரெண்டு நாள் நினைச்சேன். எம் புத்தகத்துல என்ன இருக்குன்னு ஒரு அமைச்சர் கேக்கறதான்னு வெட்கமா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

நாடு முழுக்க உள்ள பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பார்த்து நூற்றுப் பன்னிரண்டு கேள்வி கேட்ட இரண்டு பேர், ஒருவரை ஒருவர் ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டு, ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது, முன் அறையிலிருந்து டாக்டர், உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார், கொஞ்சம் மெதுவாக என்று சத்தம் போட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“சரி, இப்பக் கேக்கறேன். அந்தக் கேள்வியெல்லாம் புத்தகத்துல இருக்கலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு சார்.”

“உத்தரவு தெரியும். நான் உங்களக் கேக்கறேன்.”

இருபத்தாறு வருடம் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். புள்ளி சரியா, கால் சரியா, பக்க எண் சரியா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வரியைக் காட்டி, நீ என்ன நினைக்கிறாய் என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் இருந்தார்.

“அறுபது இருக்கணும் சார்,” என்றேன். “மத்தது பசங்களுக்கு வேணாம், அது எழுதின ஆசிரியர்ங்களைக் கேக்க வேண்டியது. ஆனா அந்த அறுபதுல ஒண்ணுகூட எடுக்கக் கூடாது.”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எது எதுன்னு சொல்லுங்க,” என்றார்.